கூர்நோக்கு இல்லத்துக்கு ஒரு நாடக ஆசிரியர் வேண்டும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெர்க்‌ஷயர் என்றொரு மாவட்டம். அங்கே சிறார் நீதிமன்ற நீதிபதியாக இருந்த பால் பெராச்சி, குற்ற வழக்கில் தன் முன் நிறுத்தப்பட்ட பிள்ளைகளில் சிலரை ஷேக்ஸ்பியர் நாடகம் பழக அனுப்பினார். லெனாக்ஸ் ஊரின் ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ நாடகக் குழு அவர்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தது. முடிவில் பார்வையாளர்கள் முன் மேடை ஏறியாக வேண்டும். குற்றம் செய்தவனுக்கு நாடகமா, இது சொகுசு இல்லையா என்று கேட்பவர்கள், ஒரு பக்க வசனத்தை மனப்பாடம் செய்து நாலு பேர் முன்னால் நின்று பார்க்கட்டும்.

அந்தப் பிள்ளைகள் பேசியது நானூறு ஆண்டு பழைய ஆங்கிலம். எனக்குப் பிடித்ததே அதுதான். ‘உனக்குப் படிப்பு வராது’ என்று ஒதுக்கப்பட்ட பையனிடம் மொழியின் மிகக் கடினமான பக்கத்தை நீட்டி, ‘இதை நீ பேசுவாய்’ என்று ஒருவர் நம்பிச் சொல்கிறார்.

‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் ரோமியோவும் டிபால்ட்டும் மோதும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் கத்திச் சண்டை பழகும்போது, வீசுவதற்கு முன் எதிரே நிற்பவனின் கண்ணைப் பார்க்க வேண்டும். அவன் தயார் என்று தெரிந்த பிறகே கை அசைய வேண்டும். அவன் மேல் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வது வீசுபவனின் பொறுப்பு. ஆத்திரத்தில் கை ஓங்கியே பழகிய பையன், இதைத் திரும்பத் திரும்ப, நிதானமாகச் செய்கிறான். எந்த நீதிபோதனை வகுப்பில் இது கிடைக்கும்?

வேடம் மாறுவது இன்னும் பெரிய விஷயம். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் ‘ஆன்டிகனி’ என்ற கிரேக்க நாடகத்தைப் போட்டபோது நெல்சன் மண்டேலா ஏற்றது கிரியோன் மன்னன் வேடம். அரசாணையை மீறிய ஆன்டிகனி என்ற பெண்ணின் பக்கம் மனதால் நின்றவர், ஆணையிட்டவனின் வாயாகப் பேசினார்.

நம்மிடம் நாடகத்துக்கா பஞ்சம்? 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை, சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தியது. அவருடைய கோவலன் நாடகத்தை, குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம் ஒன்றில் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விசாரணையே இல்லாமல் திருடன் என்று வெட்டப்பட்டவனின் கதை அது. திருட்டு வழக்கில் உள்ளே வந்த ஒரு பையன் பாண்டியனாக நின்று, சிலப்பதிகாரத்தின் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்ற வரியைச் சொல்லட்டும். அரியணையில் இருப்பவனே தன்னைக் கள்வன் என்று அழைத்துக்கொள்ளும் அந்த இடத்தை அவன் எப்படிப் பேசுவான் என்று கேட்க விரும்புகிறேன்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. கூர்நோக்கு இல்லத்தில் பிள்ளைகள் இருப்பது விசாரணைக் காலத்தில் மட்டும். ஒத்திகை நடக்கும்போதே கோவலன் ஜாமீனில் போய்விடுவான். ஆகவே தனித்தனிக் காட்சிகளாகப் பழக்க வேண்டும். ஒரு வேடத்தை இரண்டு மூன்று பேர் அறிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. நல்லதே. புகைப்படம் வேண்டாம், பேனர் வேண்டாம். பெற்றோர், பணியாளர்கள், இளைஞர் நீதிக் குழுமத்தினர் பார்த்தால் போதும். ஆனால் ஆண்டு விழாவுக்கு வந்து ஒரு நாளில் திரும்பிப் போகும் கலைஞரால் இதைச் செய்ய முடியாது. கணக்கு ஆசிரியருக்குக் கொடுப்பதுபோல் மாதச் சம்பளம் கொடுத்து, நாடகம் தெரிந்த ஒருவரை ஒவ்வொரு இல்லத்திலும் அரசு நியமிக்க வேண்டும்.