மூக்கைப் பொத்தினால் போதுமா?

தூசி என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். தெருப்புழுதியில் இருக்கும் ஈயம் சின்னப் பிள்ளைகளின் உடம்புக்குள் பெரும்பாலும் போவது மூக்கு வழியாக அல்ல, வாய் வழியாக. தரையில் தவழ்ந்து, அதே விரலைச் சப்பும் வயது. முகக்கவசம் இங்கே என்ன செய்யும்?

"ஈயம் கலந்த பெட்ரோலைத்தான் நிறுத்தியாச்சே" என்பார்கள். நிறுத்தியாச்சுதான். 1920களில் தொடங்கிய கூத்து, கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டபோதுதான் முடிந்தது. அதுவரை கக்கியதெல்லாம் எங்கே போகும்? ஈயம் மக்காது. சாலையோர மண்ணின் மேல்மட்டத்திலேயே கிடந்து, வண்டி போகப் போகக் கிளம்பிப் படிகிறது. ஈயம் கலந்த பழைய பெயிண்ட் உதிர்வதும் கூடச் சேர்கிறது.

மின்சார வண்டி வந்தால் எல்லாம் தீரும் என்றும் நான் நம்பவில்லை. புகை போகும், சந்தோஷம். ஆனால் டயர் தேய்ந்தால் துத்தநாகம், பிரேக் தேய்ந்தால் செம்பும் ஆன்டிமனி என்ற உலோகமும் உதிரத்தான் செய்யும். (மின்சார வண்டியில் பிரேக் தேய்மானம் குறைவு என்பது உண்மை. எடை கூடுவதால் டயர் அந்தக் கணக்கைக் கெடுக்கிறது.)

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். விழுங்கிய ஈயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் பெரியவர் உடம்பு ஏற்கும். சிறு குழந்தையின் உடம்பு பாதி வரை ஏற்கும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகம். ஏற்கெனவே நோஞ்சானாக இருப்பதைத்தான் தேடிப் பிடிக்கிறது. காய்ச்சல் வராது, வலிக்காது. கவனம் சிதறும், அறிவுத்திறன் குறையும். நாம் அந்தப் பிள்ளைக்கு 'மந்தம்', 'அடங்காதது' என்று பட்டம் கட்டிவிடுவோம். எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும் ஈயம், கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் இறங்கி வயிற்றுக் குழந்தையையும் எட்டும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதே புழுதியில் இருக்கும் இன்னொரு நச்சு உலோகமான காட்மியம் சிறுநீரகத்தைக் குறிவைக்கும்.

செருப்பை வாசலிலேயே விடுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், சாப்பிடுமுன் கையைக் கழுவிவிடுங்கள். எல்லாம் சரி. ஆனால் அத்தோடு நிறுத்தினால், பழி முழுக்க வீட்டில் துடைப்பவர் தலையில் விழுகிறது. கலிபோர்னியாவில் பிரேக் பேடில் செம்பைக் குறைக்க 2010இல் சட்டம் போட்டார்கள். 2025 முதல் விற்பதில் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அது நீர்நிலைகளையும் மீன்களையும் காப்பாற்றப் போட்டது! மீனுக்கு முடிந்தது பிள்ளைகளுக்கு முடியாதா?

காற்றின் தரத்துக்குத் தினமும் ஒரு எண் சொல்கிறார்கள். பள்ளி மைதானத்து மண்ணை வருஷத்துக்கு ஒருமுறையாவது சோதித்து, முடிவைப் பள்ளி வாசலிலேயே ஒட்டட்டும்.