வடைக்குப் பார்சல் கட்டாதீங்க

போன ஞாயிறு குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். காலை ஏழு மணி, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கடையில் உளுந்து வடை அப்போதுதான் சட்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இங்கேயே நின்று ஆளுக்கு ரெண்டு தின்னுட்டுப் போலாம் சித்தப்பா என்று சொன்னேன், யார் கேட்டது? "ஏரிக்கரையில உக்காந்து சாப்பிட்டுக்கலாம்" என்று முப்பது வடையைப் பார்சல் கட்டிவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, நடுவில் சின்னவன் வாந்தி எடுத்து, மேலே போய்ப் பையைப் பிரித்தால் எல்லாம் நனைந்த பஞ்சு.

கடைக்காரர் மேல் குற்றமே இல்லை. சுட்ட வடைக்குள் இருக்கும் ஆவி வெளியே வந்தே தீரும். பையைக் கட்டிவிட்டால் அது மறுபடி மொறுமொறுப்பிலேயே இறங்கும், அவ்வளவுதான். வடையின் ஆயுசு சட்டிக்கும் வாய்க்கும் நடுவில் பத்து நிமிஷம்.

அம்மாபேட்டையில் என் ஆயா வீட்டுத் திண்ணையில் இட்லிக்கடை போட்டிருந்தது. தறிக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்கே வந்து நிற்பார்கள். ஆயா உளுந்தை ரொம்ப நேரம் ஊறவிடாது, ஆட்டுக்கல்லில் தண்ணீரை ஊற்றாது, தெளிக்கும். ஒரு துளி மாவைச் சொம்புத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும், மிதந்தால் காற்று ஏறியிருக்கிறது என்று அர்த்தம், ஆப்பசோடா எதுக்கு? சோடா போட்ட வடை உப்பும்தான், கூடவே எண்ணெயையும் குடிக்கும். நடுவில் ஓட்டை போடுவதும் அழகுக்கு இல்லை, உள்ளே மாவு வேகத்தான். முதல் ஈடு வெந்ததும் "தம்பி, சூடா இருக்கறப்பவே தின்னுடு" என்று இலைத்துண்டில் வைத்து நீட்டும். யாருக்கும் கட்டிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சித்தப்பா விடவில்லை. "நாமக்கல் ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடை மாலை சாத்தறாங்களே, அது மட்டும் கெடாம இருக்குதே?" என்றார். (1997 வரை நாமக்கல்லும் நம்ம சேலம் மாவட்டம்தான், அந்த உரிமையில் கேட்கிறார் போல.) அது வேற வடைங்க. வெங்காயம் கிடையாது, மிளகும் சீரகமும் போட்டு, கெட்டியாக அரைத்து, தட்டையாகத் தட்டி, ஈரமே இல்லாத அளவுக்குப் பொரிப்பது. அதனால்தான் மாலையாகக் கோர்க்க முடிகிறது. மெதுவடையைக் கோர்த்துப் பாருங்கள், நூல் மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொரு வருத்தமும் இருக்கிறது. சேலம் என்றாலே வெளியூர்க்காரர்கள் தட்டுவடை செட்டைத்தான் (ரெண்டு சின்னத் தட்டைக்கு நடுவில் காய்த்துருவலும் சட்னியும் வைப்பது) தேடி வருகிறார்கள், ரீல்ஸ் முழுக்க பீட்ரூட்டும் சட்னியும்தான். நல்ல பண்டம்தான், ஆனால் அது சாயங்காலச் சமாச்சாரம். காலையில் டீக்கடை வாசலில் தேங்காய் சட்னியில் பாதியைத் தொட்டு மீதியைச் சும்மாவே கடிக்கிற வடையை எவனும் வீடியோ எடுப்பதில்லை.

சரி, அந்த முப்பதில் பன்னிரண்டுதான் தீர்ந்தது. மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து சித்தி தயிர்வடை ஆக்கிவிட்டார். நல்லாத்தான் இருந்தது, நான் நாலு தின்றேன், சித்தப்பாவுக்கு அதில் ஏக சந்தோஷம்.