பத்தை இல்லை, அது காடு

ஆனி பிறந்தால் எங்கட சந்தைக்குப் பாலைப்பழம் வரும். சுண்டால் அளந்து பேப்பர்ச் சுருளில் போட்டுத் தருவார்கள். சின்ன வயதில் அம்மம்மா வாங்கித் தருவா. தின்று முடிய உதடு இரண்டும் பசை பிடித்து ஒட்டும். கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிவிடுவா. அந்தப் பழம் எந்தக் காட்டில் காய்க்கிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் நிலாவெளிப் பக்கம் ஒரு காணிக்குள் பெக்கோ இறங்கி நின்றது. இரண்டு பாலை, ஒரு வீரை, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத பத்துப் பன்னிரண்டு மரங்கள் வேரோடு சரிந்து கிடந்தன. பாலையில் பழம் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "வெறும் பத்தைதானே தம்பி, வெளியாக்கிப்போட்டு நல்ல மரம் வைப்பம்" என்றார் அங்கு நின்றவர். என்ன மரம்? தேக்கு.

அவரில் எனக்குக் கோபமில்லை. எனக்கும் பள்ளிக்கூடத்தில் காடு என்றால் சிங்கராஜா என்றுதான் படம் காட்டினார்கள். எங்கள் பக்கத்துக்கு "உலர் வலயம்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த 'உலர்' என்ற சொல்தான் எங்களைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். திருகோணமலையில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. லண்டனுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. எங்கள் பிரச்சினை மழை வரும் காலம். ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு கச்சான் காற்றில் மாதக்கணக்காக நிலம் வெடிக்கும். இந்தியாவின் தக்காணத்தில் இப்படிக் காய்கிற இடங்களில் பெரும்பாலான காடுகள் இலையுதிர்த்து மொட்டையாகிவிடும். எங்கட பாலையும் வீரையும் அந்த வெயிலிலும் பச்சையாக நிற்கின்றன. அதனால்தான் இதற்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர்.

எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று ஆராயும் உயிர்ப்புவியியலாளர்கள் உலகின் நிலப்பரப்பை 8 பெருமண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். எங்களுடையது இந்தோமலாயா. பாகிஸ்தானிலிருந்து தென்சீனா, பிலிப்பைன்ஸ், பாலித் தீவு வரை அது விரிகிறது. பாலியைத் தாண்டி ஒரு சின்னக் கடலைக் கடந்து லொம்பொக்கில் இறங்கினால் ஆஸ்திரேலியப் பக்கத்துப் பறவைகள் தொடங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டிலேயே அல்பிரட் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் இதைக் கண்டு எழுதினார். இந்த மண்டலத்துக்குள்தான் தார்ப் பாலைவனமும் இருக்கிறது, ஒராங்குட்டான் வாழும் போர்னியோ மழைக்காடும் இருக்கிறது, சுந்தரவனக் கண்டலும் இருக்கிறது. இந்தப் பெருமண்டலங்களை இன்னும் சிறிதாகப் பிரித்தால் வருவது சூழலியல் வலயங்கள். 2001இல் வெளியான உலகப் பட்டியலில் மொத்தம் 867 வலயங்கள். அதில் இலங்கையின் உலர் பசுமைமாறாக் காட்டுக்குத் தனி இடம் உண்டு. நாங்கள் பத்தை என்று தள்ளுகிறோமே, அதுதான்!

இதற்குக் கிட்டிய உறவு அக்கரையில், சோழமண்டலக் கரையில் இருந்தது. இன்று அங்கே மிஞ்சியவை பெரும்பாலும் கோயிற்காடுகள், துண்டு துண்டாக. சாமி காட்டில் கத்தி வைக்கப் பயந்த சனம் காப்பாற்றி வைத்தது. எங்களிடம் இன்னும் பெரும் காடாகவே நிற்கிறது.

காலையில் வேலியோரம் விசிலடிக்கிற மஞ்சள் மாம்பழச்சிட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் குடும்பத்தில் உலகத்தில் மொத்தமே நான்கு இனங்கள். நான்குமே இந்தப் பெருமண்டலத்துப் பறவைகள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சவண்டலை என்று ஒரு மரம், சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரே 'திருகோணமலை மரம்'. சென்னைக் கரையின் அலையைத் தாங்கிய மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்துதான் அந்தப் பலகை போனது. ஊரின் பெயரைச் சுமந்த மரத்தை இன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது. எனக்கே முப்பது வயதுக்குப் பிறகுதான் ஒருவர் காட்டித் தந்தார்.

மலைநாட்டுப் பனிக்காட்டில் தொடங்கும் மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாரக் குடாவில் முடிகிறது. மூதூர், கிண்ணியாப் பக்கம் கண்டல். அதற்கு அங்கால் கடலடியில் ஆழப் பள்ளத்தாக்கு, நீலத்திமிங்கிலம். புறாமலையில் பவளப்பாறை. வெளிநாட்டுக்காரர் இவற்றைப் பார்க்கக் காசு கட்டி வருகிறார்கள், சந்தோசம். அவர்கள் வருகிற வீதியின் இரண்டு பக்கமும் நிற்கிற காட்டை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை, நாங்கள் உட்பட.

மாரி தொடங்க மரநடுகை விழாக்கள் வரும். பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல் எங்கே நடந்தாலும் தேக்கும் மகோகனியும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாலை, வீரை, முதிரை, சவண்டலை கேளுங்கள். காணி துப்புரவாக்குகிறவர்கள் நிற்கிற பாலையை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள்; வீட்டுக்கு நிழலும் ஆகும். பாலை மிக ஆறுதலாகத்தான் வளரும், அதையும் மறைக்கவில்லை.

சரிந்த மரத்தடியில் பொறுக்கிய பழத்தின் விதைகளைக் கழுவி ஒரு போத்தலில் வைத்திருக்கிறேன். திருகோணமலைக்குள் என்றால் நானே கொண்டுவந்து தருவேன். உள்பெட்டியில் கேளுங்கள்.