பிரபுக்கள் கையில் மிச்சமிருப்பது காலண்டர்தான்

பிரிட்டனின் பிரபுக்கள் சபை என்றாலே சிவப்பு அங்கியும் பரம்பரைப் பட்டமும்தான் பேச்சுக்கு வருகின்றன. பரம்பரைப் பிரபுக்களை அடியோடு வெளியேற்ற 2024-இல் லேபர் அரசு மசோதா கொண்டுவந்தபோதும் அதே பேச்சுதான். அவர்களில் பெரும்பாலோரை 1999-லேயே அனுப்பியாயிற்று. விட்டுவைத்தது 92 இடங்கள். அப்போதெல்லாம் அதில் ஒன்று காலியானால் இடைத்தேர்தல் நடக்கும். 2016-இல் நடந்த ஒன்றில் வேட்பாளர்கள் 7 பேர், வாக்காளர்கள் 3 பேர்! கூத்துதான், மறுக்கவில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது, அந்தச் சபை ஓர் அரசை எத்தனை நாள் இழுத்தடிக்க முடியும் என்பதை.

1909 நவம்பரில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜின் பட்ஜெட்டை 350-க்கு 75 என்ற கணக்கில் பிரபுக்கள் தோற்கடித்தார்கள். நிலத்துக்கு வரி என்றால் கோபம் வராதா? அதற்குக் கொடுத்த விலைதான் 1911-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம். நிதி மசோதா என்று காமன்ஸ் (மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவை) சபாநாயகர் சான்றளித்துவிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் பிடித்துவைக்க முடியாது. (நம் மாநிலங்களவைக்கு 14 நாள், சபாநாயகர் சான்று என்ற ஏற்பாடும் அங்கிருந்து வந்ததே.) மற்ற மசோதாக்களுக்கு இரண்டு ஆண்டு. 1949-இல் அதுவும் ஓராண்டாகச் சுருங்கியது.

ஓராண்டுதானே என்று நினைத்துவிட வேண்டாம். மசோதா காமன்ஸில் தொடங்கியிருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கூட்டத்தொடர்களில் அங்கே நிறைவேற வேண்டும். முதல் தொடரில் அங்கே நடக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் (மசோதாவின் அடிப்படை நோக்கம் பற்றிய விவாதம்), அடுத்த தொடரில் நிறைவேறும் நாளுக்கும் நடுவே ஓராண்டு ஓடியிருக்க வேண்டும். இரண்டு முறையும் தொடர் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே பிரபுக்களிடம் போய்ச் சேர வேண்டும். தேர்தல் நெருங்கிய அரசுக்கு இதற்கெல்லாம் நாள் ஏது? அதனால்தான் கடைசிக் கட்டத்தில் அமைச்சர்கள் பிரபுக்களின் திருத்தங்களுக்கு இறங்கி வருகிறார்கள். 1949-க்குப் பிறகு பிரபுக்கள் சம்மதம் இல்லாமல் இந்த வழியில் நிறைவேறியவை நான்கே சட்டங்கள். கடைசியாக, நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதைத் தடுத்த 2004-ஆம் ஆண்டுச் சட்டம்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அமைச்சர்கள் பிறப்பிக்கும் விதிகள் மசோதா அல்ல. 1911 சட்டம் அவற்றைத் தொடாது. அங்கே பிரபுக்களுக்கு முழு வீட்டோ! 2015 அக்டோபர் 26 அன்று, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வரிச் சலுகைத் தொகையை வெட்டும் விதி வந்தது. அடியோடு நிராகரிக்கும் தீர்மானம் 99-க்கு 310 எனத் தோற்றது. ஆனால் ஒப்புதலைத் தள்ளிப்போடும் தீர்மானங்கள் இரண்டு நிறைவேறின: ஒன்று 307-க்கு 277, மற்றது 289-க்கு 272. கத்தி கையில் இருந்தும் கைப்பிடியால் மட்டும் தட்டினார்கள். அடுத்த மாதமே நிதியமைச்சர் ஆஸ்போர்ன் அந்த வெட்டைக் கைவிட்டார். தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் இதைச் செய்யலாமா என்று கொதித்தவர்கள் உண்டு. என் கணக்கில் அன்று அந்தச் சபை தன் வேலையைச் சரியாகச் செய்தது.

எனக்கு உறுத்துவது ஆள் சேர்க்கும் முறை. பிரதமர் எத்தனை பேரை வேண்டுமானாலும் நியமிக்கலாம், சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. 2017-இல், சபையின் அளவை ஆராய்ந்த பர்ன்ஸ் குழு 600 பேர் போதும், பதவிக்காலம் 15 ஆண்டு என்றது. அது பரிந்துரையாகவே நின்றது. பெயர்களைச் சரிபார்க்கும் நியமன ஆணையம் ஆட்சேபித்தாலும் அது வெறும் ஆலோசனைதான். 2020-இல் போரிஸ் ஜான்சன் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, தன் கட்சியின் முன்னாள் பொருளாளரையே பிரபுவாக்கினார்.