டெனார் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவள்’ இல்ல, அதான் அவ கதையே

ஃபேன்டஸி படிக்கிறதே நிஜத்துல இருந்து தப்பிச்சு ஓடத்தான்னு இன்னும் நிறைய பேர் சொல்லிட்டு இருக்காங்க, அவங்க எல்லாரும் உர்சுலா லெ குவின் 1971ல எழுதின ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ ஒரு தடவை படிக்கணும். எர்த்ஸீங்கிற கற்பனை உலகத்துல நடக்குற கதை வரிசையில ரெண்டாவது புத்தகம். பெரிய போர் எதுவும் கிடையாது, கதை முக்கால்வாசி பாலைவனத்துல இருக்குற ஒரு கோயில்லயும் அதுக்கு அடியில இருக்குற சுரங்கத்துலயும்தான் நடக்குது.

செத்துப்போன பூசாரிணிதான் மறுபடி பொறந்திருக்கான்னு சொல்லி அஞ்சு வயசுல ஒரு பொண்ண தூக்கிட்டு வந்துடுறாங்க. டெனாருங்கிற பேரையும் பிடுங்கிட்டு ‘அர்ஹா’ன்னு வெக்கிறாங்க, விழுங்கப்பட்டவள்னு அர்த்தம். நீ சாதாரண ஆள் இல்ல, நீதான் அவ, எப்பவும் நீதான் இருந்தேன்னு சொல்லியே வளக்குறாங்க. மத்த கதைகள்ல ஹீரோ பதினாறு வயசுல ‘நீதான் அந்த ஆள்’னு தெரிஞ்சுக்கிறதோட தன்னைக் கண்டுபிடிச்சிடுவான், நாமளும் கைதட்டுவோம். இங்க அந்தப் பட்டம்தான் சிறை. நான் யாருன்னு டெனார் தெரிஞ்சுக்கிறதுன்னா அது நான் இல்லன்னு தெரிஞ்சுக்கிறதுதான். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே லெ குவின் மேல அவ்ளோ மரியாதை.

அந்தப் பட்டத்துல முதல் விரிசல் விழுறது மந்திரவாதியால இல்ல, பெந்தேன்னு ஒரு தோழியால. நல்லா சாப்பிடுற, சிரிக்கிற பொண்ணு. இங்க கெடக்குறதுக்கு பன்னி மேய்க்கிறவன கட்டிக்கிட்டு ஒரு பள்ளத்துல குடியிருக்கலாம்னு சொல்றா. அவளுக்கு சாமி நம்பிக்கையே இல்லன்னு தெரிஞ்சதும் அர்ஹா ஆடிப்போறா, ஏன்னா அப்படி ஒருத்தி நம்பாம கூட இருக்கலாம்னே அவளுக்கு அதுவரைக்கும் தோணல.

அப்புறம் அந்த சுரங்கம். அங்க விளக்கு கொண்டு போகவே கூடாது, சுவத்த கையால தடவித் தடவித்தான் அவ வழிய மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கா, அவளோட இடம் அது. ஒருநாள் கெட்ங்கிற மந்திரவாதி திருட்டுத்தனமா உள்ள வந்து கோல்ல வெளிச்சம் வெச்சுட்டு நிக்கிறான், அப்பதான் பாக்குறா, குகை முழுக்க படிகமா மின்னுது. தான் ஆட்சி பண்ற இடம் எப்படி இருக்கும்னு கூட அவ பாத்ததில்ல!

டெனார ஒண்ணும் அப்பாவியாவும் காட்டல. மூணு கைதிங்கள பட்டினி போட்டுக் கொல்லச் சொன்னது அவதான். வெளிய தப்பிச்சு வந்தப்புறம் அவ அழுறா, செஞ்சதும் கூடவே வருது, இனி என்ன முடிவெடுத்தாலும் அது அவளோடதுதான். விடுதலைய இவ்ளோ பாரமா எழுதினவங்க ரொம்ப கம்மி.

இதைவிட துணிச்சல் 1990ல வந்த நாலாவது புத்தகம் ‘டெஹானு’. அதே டெனார் இப்ப நடுவயசு, பண்ணைல வேலை செய்ற விதவை, பிள்ளைங்க வளந்து போயாச்சு. சொந்த மனுஷங்களே அடிச்சு நெருப்புல தள்ளின ஒரு குழந்தைய எடுத்து வளக்குறா. அந்த மந்திரவாதி கெட்டும் சக்தி எல்லாம் போயி வெறும் மனுஷனா திரும்பி வர்றான். பாத்திரம் கழுவுறது, ஆடு பாத்துக்கிறது, ராத்திரி கதவ ஒழுங்கா சாத்தினோமான்னு பயப்படுறது, இதெல்லாம்தான் கதை. ‘இதுல மேஜிக்கே இல்லையே’ன்னு சலிச்சுக்கிறவங்கள எனக்குப் புரியவே இல்ல. பதினஞ்சு வயசுல தன்னைக் கண்டுபிடிச்சவ அப்புறம் நாப்பதுல எப்படி வாழ்வான்னு கேக்க ஒரு எழுத்தாளருக்கு தோணியிருக்கே, அதுவே பெரிசு.

படிக்கப் போறவங்க 1968ல வந்த முதல் புத்தகத்துல இருந்தே ஆரம்பிங்க, ஆனா மூணாவதோட நிறுத்திடாதீங்க, டெஹானு வரைக்கும் கண்டிப்பா போங்க. நிறைய பேர் அதுக்கு முன்னாடியே விட்டுடுறாங்க.