விருது கொடுக்கும் முன் வினாத்தாளைப் புரட்டிப் பாருங்கள்

அக்டோபர் 1 முதியோர் தினம், 10 உலக மனநல தினம். அந்தச் சமயத்தில் முதியோர் மனநல ஆய்வுகளுக்கு விருது தருவதைப் பற்றிப் பேச்சு வரும். தரட்டும், வேண்டிய ஒன்றுதான். ஆனால் கட்டுரை எந்த இதழில் வந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், எதை வைத்து அளந்தார்கள் என்று தேர்வுக் குழு பார்க்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

மறதியை அளக்க அதிகம் புழங்குவது எம்.எம்.எஸ்.இ. என்ற கேள்வித்தாள். 1975-இல் அமெரிக்காவில் வந்தது. மொத்தம் 30 மதிப்பெண். 24-க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது வழக்கமான கணக்கு. இதை ஏற்காட்டு மலைக் கிராமத்தில், பள்ளிக்கூடமே போகாத பாட்டியிடம் வைத்துப் பாருங்கள். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க 5. எட்டும் போய்விட்டால், மற்ற எல்லாம் சரியாகச் சொன்னாலும் 22தான். காப்பிப் பழம் எத்தனை கிலோ பறித்தோம், கூலி எவ்வளவு பாக்கி என்று மனக்கணக்காகச் சொல்கிறவர், தாளில் மறதி நோயாளி ஆகிவிடுகிறார்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களிலேயே எழுத்தறியாதவர்களுக்காக இந்தக் கேள்விகளை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். இந்தியாவில் சென்னையையும் வேலூரையும் களமாகக் கொண்ட 10/66 என்ற மறதிநோய் ஆய்வுக் குழு, முதியவரிடம் ஒரு முறை, வீட்டாரிடம் தனியாக ஒரு முறை கேட்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. அந்தப் பெயரே ஒரு குற்றச்சாட்டுதான்: பெயர் வைத்தபோது மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் வளரும் நாடுகளில் இருந்தார்கள், அங்கே நடந்த ஆய்வோ 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது.

மனச்சோர்வுக்கு 15 கேள்விகள் கொண்ட ஜி.டி.எஸ். என்ற முதியோர் மனச்சோர்வு அளவுகோல் உண்டு, ஆம் இல்லை என்று சொன்னால் போதும். அதில் ஒன்று, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கத் தோன்றுகிறதா என்பது. மூட்டுவலியோடு மேட்டில் குடியிருப்பவர் ஆம் என்றுதான் சொல்வார். அதற்கும் சோர்வுக் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். எதிர்ப்பக்கம், மருமகள் வாசற்படியில் நின்றால் "எனக்கென்ன குறை" என்று எல்லாமே நல்லதாக வரும். உண்மையான சோர்வு மறைந்துவிடும். 'மனச்சோர்வு' என்ற சொல்லே பலருக்குப் புரியாது. "நெஞ்சு பாரமா இருக்கா, சோறு இறங்குதா, விடியக்காலை முழிப்பு வந்துடுதா" என்றால் புரியும்.

கேள்வியை எடுப்பதற்கு முன் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். காதில் குறும்பி அடைத்திருந்தாலே மதிப்பெண் சரியும். ஆங்கிலத் தேதியை விட்டுவிட்டுத் தமிழ் மாதம் கேளுங்கள், சேலம் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். ஒரே முதியவரை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காத ஆய்வை நம்ப முடியாது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இரண்டே நாளில் குழம்பினால் அதை மறதிநோய்க் கணக்கில் எழுதக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைவோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மெல்ல வரும் மறதியிலும் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

2019-இல் வெளியான கோவா ஆய்வு எனக்குப் பிடித்தது. 60 வயதைத் தாண்டிய, மனச்சோர்வின் லேசான அறிகுறிகள் உள்ள 181 பேர். மனநல மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே பேசினார்கள். அன்றாடச் சிக்கலைப் பிரித்துத் தீர்ப்பது, தூக்கத்தைச் சீர்படுத்துவது, சர்க்கரை போன்ற நோய்களைக் கவனிப்பது, அரசு உதவிகள் கிடைக்க வழிகாட்டுவது. ஓராண்டில், இதைப் பெறாதவர்களைவிடப் பெற்றவர்களிடம் பெரும் மனச்சோர்வு தெளிவாகக் குறைவு. இங்கே மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களை வைத்து இதைச் செய்து பார்க்கலாம்.

எனவே விருது விண்ணப்பத்தோடு தமிழ் வினாத்தாளையும் கேளுங்கள். அதைத் திரும்ப மூலமொழிக்கு மொழிபெயர்த்துச் சரிபார்த்த தாளையும் வாங்குங்கள். நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு மருத்துவம் போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். பரிசுத் தொகையில் ஒரு பங்கு, மேடேறிப் போய்க் கேட்டு எழுதிய களப்பணியாளர்களுக்கு, அவர்கள் பெயரிலேயே போகட்டும்.