காந்தத்தில் ஒட்டாத பல்லேடியம்
மக்னற்றைற்று என்ற காந்த இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைக்குச் சிலிக்கா பூசி, அதில் பல்லேடியம் உலோகத்தை ஏற்றிய ஊக்கி (தாக்கத்தை விரைவாக்கும் பொருள்) பற்றிய கட்டுரை ஒன்று, “காந்தத்தைப் பிடித்தால் ஊக்கி முழுவதும் திரும்பிவிடும், இழப்பே இல்லை” என்று சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. காந்தம் இழுப்பது மக்னற்றைற்றுத் துணிக்கையை மட்டும்தான். இரண்டு சேதனத் துண்டுகளைக் காபன்–காபன் பிணைப்பால் இணைக்கும் சுசுக்கித் தாக்கத்தின்போது அதிலிருந்து கழன்று கரைந்த பல்லேடியம் கரைசலிலேயே நிற்கும். கண்டுபிடிக்க வழி உண்டு: தாக்கம் பாதி நடந்ததும் குடுவையின் பக்கத்தில் நியோடிமியம் காந்தத்தை வைத்து, தெளிந்த திரவத்தைச் சூட்டோடு சூடாக வேறு குடுவைக்கு ஊற்றி, அதே வெப்பநிலையில் தொடர்ந்து வைத்திருங்கள். விளைபொருள் இன்னும் கூடினால் வேலை செய்வது கரைந்த உலோகம். ஆறவிட்டு ஊற்றினால் பல்லேடியம் மீண்டும் துணிக்கையில் படிந்துவிடும், சோதனை ஏமாற்றிவிடும். ஐந்து முறை பாவித்தும் விளைச்சல் குறையவில்லை என்பதும் சான்றாகாது. 12 மணித்தியாலம் ஓடவிட்டால் பாதி செத்த ஊக்கியும் அதே விளைச்சலைத் தொடும். ஒவ்வொரு முறையும் முதல் 30 நிமிடத்து விளைச்சலைத்தான் ஒப்பிட வேண்டும். வெள்ளவத்தை வாசகர் ஒருவர், தாக்கக் கலவையைக் கலக்கக் காந்தக் கலக்கி போதுமா என்று கேட்டிருக்கிறார். போதாது, துணிக்கைகள் கலக்கும் குச்சியிலேயே கறுப்புச் சேறாக அப்பிக்கொள்ளும். மேலிருந்து சுழலும் மோட்டார்க் கலக்கிதான் சரி. துணிக்கையை நீங்களே தயாரிப்பதென்றால், கொழும்பு ஈரப்பதனில் பெரிக் குளோரைட்டு தராசுத் தட்டிலேயே கசியத் தொடங்கும்; நிறுத்த அளவில் தண்ணீரும் சேர்ந்து, மக்னற்றைற்றுக்குத் தேவையான பெரிக் (இரும்பு(III)), பெரசு (இரும்பு(II)) உப்புகளின் 2:1 என்ற விகிதம் குழம்பிவிடும். போத்தலைத் திறந்த கையோடு நிறுத்துக் கரைத்துவிடுங்கள். கட்டுரை நம்பியிருக்கும் சிலிக்காப் பூச்சையும், தாக்கத்தில் காரமாகச் சேர்க்கும் சூடான பொற்றாசியம் காபனேற்றுக் கரைசல் மெல்ல மெல்ல அரிக்கும்.